தோப்பு பேராவூரணியில், ஆலை எந்த ஊரில்?

கேள்வி: பேராவூரணி பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. கஜா புயலில் முக்கால்வாசி மரம் சாய்ந்துவிட்டது. 2019ல் மறுபடி நட்டோம், இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கிறது. சிங்கப்பூரில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். கையில் 45 லட்சம் இருக்கிறது. தேங்காயை வைத்து ஓர் ஆலை போட ஆசை. தேங்காய் ஆலை என்றால் காங்கேயம்தான் என்கிறார் திருப்பூரில் இருக்கும் மச்சான். பொள்ளாச்சிக்குப் போனால் காய்க்குப் பஞ்சமே இல்லை என்கிறார் நண்பர். சொந்த ஊரில் காயும் இடமும் இருக்க வெளியூர் எதற்கு என்கிறார் அப்பா. எங்கே போட்டால் நிற்கும்?
– வாசகர், பேராவூரணி

பதில்:

மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆனால் மூவரும் மூன்று வெவ்வேறு தொழிலைப் பற்றிப் பேசுகிறார்கள். மச்சான் சொல்வது கொப்பரையும் எண்ணெயும். நண்பர் மனதில் இருப்பது தேங்காய் பவுடர் மாதிரி தினமும் ஆயிரக்கணக்கில் காய் தின்னும் ஆலை. அப்பா சொல்வது தோப்பு. நீங்கள் என்ன தயாரிக்கப் போகிறீர்கள் என்று கடிதத்தில் ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. அதை முடிவு செய்யாமல் ஊரை முடிவு செய்ய முடியாது. ஒரே தேங்காய்தான். அதைக் காயவைத்தால் ஓர் ஊர் நல்லது, பாலாகப் பிழிந்தால் வேறோர் ஊர் நல்லது.

மச்சானிடமிருந்து தொடங்குவோம். காங்கேயம் தமிழ்நாட்டின் பெரிய கொப்பரைச் சந்தைகளில் ஒன்று. ஆனால் அதைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் மேய்ச்சல் காடு. கொறங்காடு என்பார்கள், கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் காங்கேயம் மாடும் இருக்கிற பூமி. காய் பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வருகிறது. உங்கள் ஊர்க் காயும் லாரி ஏறி அங்கே போகிறது. விளையாத ஊருக்கு ஏன் இத்தனை காய் போகிறது?

ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் சாலையில் போய், ஏதாவது ஒரு களத்து ஓரமாக வண்டியை நிறுத்திப் பாருங்கள். உடைத்த தேங்காய் மூடிகள் வானத்தைப் பார்த்தபடி வெள்ளை வெளேரென்று பரப்பிக் கிடக்கும். இரண்டு நாள் வெயில் பட்டதும் பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைக் கெல்லி எடுத்துக்கொண்டிருப்பார்கள். பருப்பு ஒரு பக்கம் விழும், தொட்டி ஒரு பக்கம் விழும். உங்கள் ஊரில் சிரட்டை என்பதைத்தான் கொங்குப் பக்கம் தொட்டி என்கிறார்கள். பருப்பு இன்னும் மூன்று நான்கு நாள் காயும். ஒரு துண்டை வாங்கி ஒடித்துப் பாருங்கள், 'டக்' என்று சத்தம் வரும். வளைந்து கொடுத்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

புதுத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கொப்பரை ஆக வேண்டுமானால் அதை ஆறு சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். காங்கேயத்தில் இந்த வேலையைக் காசு வாங்காமல் செய்து கொடுப்பவை வெயிலும் காற்றும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி அது. வருட மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று காற்றாலைகளைச் சுற்றுவதோடு களத்தையும் உலர்த்திவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கும் தார்ப்பாயை இழுத்து மூடத்தான் வேண்டும். ஆனாலும் வருடத்தில் களம் ஓடுகிற நாள் அதிகம்.

உங்கள் பக்கம் வருட மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். மழை இல்லாத நாளிலும் கடல் காற்றில் ஈரம் இருக்கும். ஈரம் நின்ற பருப்பில் இரண்டாம் நாளே பூசணம் பிடிக்கும். அந்தப் பருப்பை ஆட்டினால் எண்ணெயில் சிக்கு வாடை வரும். கந்தகப் புகை போட்டு வெளுக்கவைப்பவர்களும் இருக்கிறார்கள், அந்த வழிக்கே போகாதீர்கள்.

"டிரையர் போட்டுக்கொள்ளலாமே" என்பீர்கள். டெல்டாவில் ஒருவர் அப்படித்தான் என்னிடம் வந்தார். நானும் டிரையருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். காய்ந்தது, தரமாகவே காய்ந்தது. வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. சிரட்டையை விற்றால் வரும் பணத்தை நான் வரவில் எழுதியிருந்தேன். அந்தச் சிரட்டையைத்தான் டிரையரில் எரித்துக்கொண்டிருந்தார். கொப்பரைத் தொழிலில் லாபம் எண்ணெயில் ஒட்டுவதைவிட இப்படிப்பட்ட பக்க வரவுகளில்தான் ஒட்டும். காங்கேயம் வட்டாரத்தில் தொட்டி வாங்கக் கரிக்காரர் களத்துக்கே வருவார். அங்கே வரவாகிற சிரட்டை இங்கே அடுப்புக்குப் போகிறது. டெல்டாக்காரர் மூன்றாம் வருடம் நிறுத்திவிட்டார். அந்தக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன்.

சொல்லப்போனால் ஈர டெல்டாவில் காயவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அறுப்பு நேரத்து மழையில் நனைந்த நெல்லைக் காப்பாற்ற வழி தேடி, 1967ல் திருவாரூரில் நவீன அரிசி ஆலையை ஒட்டி ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து, தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் இன்று நிஃப்டெம் என்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன், உங்களுக்குத் தேவைப்படுவார்கள்.

அப்படியானால் காங்கேயத்துக்கே போய்விடலாமா? வேண்டாம். அந்த ஊரின் வெயில் எல்லோருக்கும் பொது. அந்த ஊரின் நம்பிக்கைக் கடன் எல்லோருக்கும் கிடையாது. பரம்பரையாகக் களம் வைத்திருப்பவர் ஒரு போன் பேசினால் லாரி லோடு இறங்கும், பணம் பதினைந்து நாள் கழித்துப் போகும். புதிதாகப் போகிற நீங்கள் ரொக்கம் கொடுத்து வாங்கி, கடனுக்கு விற்பீர்கள். கொப்பரை விலை ஆடுகிற ஆட்டமும் தெரியும்தானே. 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், அதாவது கிலோ 116 ரூபாய்கூட இல்லை. அதே வருடம் சந்தையில் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது. ஏறும்போது எல்லோரும் வியாபாரிதான். ஏறின விலைக்கு வாங்கிக் களத்தில் போட்டிருக்கும்போது இறங்கினால் தாங்குவதற்கு 45 லட்சம் போதாது.

காயை உங்கள் ஊரிலிருந்து கொண்டுபோய் அங்கே காயவைக்கலாம் என்று மச்சான் சொல்லக்கூடும். ஒரு சின்னக் கணக்கு. உரித்த காய் பத்து டன் ஏற்றினால் 18,000 காய் போகும் என்று வையுங்கள். பேராவூரணியிலிருந்து காங்கேயம் சுமார் 250 கிலோமீட்டர். வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்றால் காய்க்கு ஒரு ரூபாய். ஏழு காய்க்கு ஒரு கிலோ கொப்பரை என்றால் கிலோவுக்கு ஏழு ரூபாய் ரோட்டிலேயே போகிறது. நீங்கள் ஏற்றிய பத்து டன்னில் கொப்பரையாக மிஞ்சப்போவது இரண்டரை டன் சொச்சம். மீதி எல்லாம் ஓடும் தண்ணீரும். இந்த ஏழு ரூபாயை உங்கள் ஊர் வியாபாரி ஏற்கெனவே உங்கள் தோப்பு விலையில் கழித்துக்கொண்டுதான் வாங்குகிறார். பொள்ளாச்சி விலையும் உங்கள் ஊர் விலையும் ஒன்றாக இல்லாததற்கு இது ஒரு காரணம்.

பொள்ளாச்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய், கயிறு, நார், பவுடர் ஆலை, பாய்லர் மெக்கானிக், கருப்புத் தோலைச் சீவுவதில் கை தேர்ந்த ஆட்கள் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற ஊர் அது. இயந்திரத்தில் ஒரு பேரிங் போனால் சாயங்காலத்துக்குள் மாற்றிவிடலாம். இது சின்ன விஷயம் இல்லை. உங்கள் ஊரில் அதே பேரிங்குக்குத் திருச்சிக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஆனால் அங்கே நிலத்தின் விலை உங்கள் கைக்கு எட்டாது. காய்க்குப் பஞ்சமில்லை என்பதும் பழைய பேச்சு. கேரள வேர் வாடல் நோயும் வெள்ளை ஈயும் ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளை என்ன பாடு படுத்துகின்றன என்று அங்கே ஒரு விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். இருக்கிற காய்க்கே அங்குள்ள ஆலைகள் போட்டி போடுகின்றன. பவுடர் ஆலை போட வேண்டுமானால் நாளைக்குப் பத்தாயிரம் காயாவது ஓட வேண்டும், பாய்லரும் நீராவியும் வேண்டும். உங்கள் பணத்துக்கு அது இல்லை. நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டு விடுங்கள்.

இப்போது அப்பா. சொந்தக் காய் இருக்கிறது என்கிற தைரியத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். ஏக்கருக்கு 70 மரம், ஆறு ஏக்கருக்கு 420. இளம் மரம், 80 காய் என்று வைத்தால் வருடத்துக்கு 33,000 சொச்சம். தினம் 2,000 காய் உடைக்கிற சின்ன ஆலைக்கே இது பதினேழு நாள் சாப்பாடு. மீதி நாளெல்லாம் அக்கம்பக்கத்துத் தோப்பை நம்பித்தான் ஓட வேண்டும். ஆக, சொந்தத் தோப்பு இருப்பது ஆலைக்குப் பெரிய பலம் இல்லை. பதினைந்து கிலோமீட்டருக்குள் எத்தனை தோப்பு இருக்கிறது, அவற்றில் எத்தனை தோப்புக்காரர் ஏற்கெனவே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதுதான் கேள்வி. கஜாவுக்குப் பிறகு கன்று வைக்கவும் வீடு கட்டவும் கல்யாணம் செய்யவும் கை நீட்டிய குடும்பங்கள் எத்தனை என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். முன்பணம் வாங்கியவர், நீங்கள் ஒரு ரூபாய் கூடக் கொடுத்தாலும் காயை உங்களுக்குத் தர முடியாது. இதை அப்பாவோடு உட்கார்ந்து ஊர் ஊராக ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த வேலையை எந்த ஆலோசகராலும் உங்களுக்குச் செய்து தர முடியாது.

இத்தனையும் சொல்லிவிட்டு, உங்கள் ஊரிலேயே போடுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். ஆனால் கொப்பரை இல்லை, பச்சைப் பருப்பைப் பிழியும் வேலை. தேங்காய்ப்பால் எடுத்து அதிலிருந்து வெர்ஜின் எண்ணெய். இதில் காங்கேயத்தின் வெயிலுக்கு வேலை இல்லை. உடைத்த பருப்பு சில மணி நேரத்துக்குள் பாலாக வேண்டும், பால் புளிப்பதற்குள் எண்ணெய் பிரிய வேண்டும். காய் முற்றியிருக்க வேண்டும், உள்ளே பூ வைத்திருக்கக் கூடாது. லாரியில் கிடந்து, மண்டியில் கிடந்து, முளைவிட்ட காயைக் கலந்து வாங்குகிறவனுக்கும், நேற்று வெட்டி நேற்றே உரித்த காயைத் தோப்பு பார்த்துப் பொறுக்கி எடுக்கிறவனுக்கும் எண்ணெயில் வித்தியாசம் தெரியும். உங்கள் ஊரின் பலம் அதுதான். கொப்பரைக்குக் கெடுதல் செய்த அதே ஈரக் காற்று இந்த எண்ணெயை ஒன்றும் செய்யாது. காய்ந்த பிழிசக்கையை மட்டும் மூடிப் பாதுகாக்க வேண்டும்.

ஒரு லிட்டருக்குப் பத்து முதல் பதினைந்து காய் பிடிக்கும். 2,000 காய் உடைத்தால் நாளைக்கு 150 லிட்டர், மாதம் இருபத்தைந்து நாள் ஓட்டினால் 3,750 லிட்டர். இதை யார் வாங்குவார்கள்? பேராவூரணியில் வாங்க மாட்டார்கள். சென்னையில் கடைக்காரர் வாங்குவார், நாற்பத்தைந்து நாள் கழித்துப் பணம் தருவார். தோப்புக்காரருக்கு நீங்கள் அன்றன்றைக்கே கொடுக்க வேண்டும். காய் 25 ரூபாய் என்றே வையுங்கள், ஒரு நாளைக்கு 50,000. நாற்பத்தைந்து நாளில் ஏறக்குறைய முப்பத்தெட்டு நாள் ஆலை ஓடும், 19 லட்சம் வெளியே நிற்கும். அதனால் உங்கள் 45 லட்சத்தில் 20 லட்சத்தைக் கண்ணில் படாமல் ஒதுக்கிவிடுங்கள். கட்டடத்துக்கும் மிஷினுக்கும் 25தான். என்னைக் கேட்டால் 800 காயில் தொடங்கச் சொல்வேன்.

அதற்கும் முன்னால் தஞ்சாவூர் போங்கள். நிஃப்டெம்மில் தொழில் முனைவோருக்கான பதப்படுத்தும் கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டி அவர்கள் மிஷினில் நம் சரக்கைச் செய்து பார்க்கலாம், பரிசோதனைக்கூடத்தில் சோதித்துக்கொள்ளலாம். பொள்ளாச்சிக்காரர் இதற்கு முந்நூறு கிலோமீட்டர் போல வர வேண்டும், நீங்கள் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் இருநூறு லிட்டரை அங்கே எடுத்து, பாட்டிலில் அடைத்து, மூன்று மாதம் விற்றுப் பாருங்கள். சிங்கப்பூரில் உங்களுக்கு இருக்கும் பழக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விற்கவில்லை என்றால் போனது சில ஆயிரம், கட்டடம் இல்லை.

மானியத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்ய வேண்டாம். குறு உணவு நிறுவனங்களுக்கு என்று 2020ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் என்பது எல்லா மாவட்டத்துக்கும் ஒன்றுதான். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, வேறு என்ன திட்டம் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். வந்தால் நல்லது. வரும் என்று நம்பி அஸ்திவாரம் தோண்டாதீர்கள்; பணம் தாமதமாகத்தான் வரும்.

ஊருக்குள் எந்த இடம் என்பதற்கும் நான்கு வார்த்தை. அப்பா தோப்புக்குள்ளேயே போடலாம் என்பார். தோப்பு மோட்டாரின் இலவச விவசாய மின்சாரத்தில் ஆலையை ஓட்டினால் அபராதம் தீட்டிவிடுவார்கள், தொழில் இணைப்பு தனியாக வாங்க வேண்டும். நிலம் நஞ்சை என்றால் உபயோக மாற்றத்துக்கு நடையாய் நடக்க வேண்டும், புஞ்சைப் பட்டா இருந்தால் அதைப் பாருங்கள். சேதுபாவாசத்திரம் பக்கம் கடலை நெருங்க நெருங்க போர் தண்ணீரில் உப்பு ஏறும். கழுவுவதற்கும் பாத்திரத்துக்கும் அது ஆகாது. தண்ணீரைப் பரிசோதித்த பிறகுதான் இடத்துக்கு அட்வான்ஸ்.

அப்புறம் தேங்காய்த் தண்ணீர். இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. ஆயிரம் காய் உடைத்தால் எழுபது எண்பது லிட்டராவது தேறும். வாய்க்காலில் விட்டால் மறுநாளே புளித்து நாறும், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதுவார். தொட்டி கட்டிச் சுத்திகரிக்க வேண்டும், இல்லை வினிகராக மாற்ற வேண்டும். இரண்டுக்கும் இடம் வேண்டும். குடியிருப்பிலிருந்து தள்ளி, ஆனால் தார் ரோட்டை ஒட்டி ஓர் ஏக்கர் கிடைத்தால் அதுதான் உங்கள் இடம்.

தார் ரோடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், டெல்டாவில் மண் பாதையை மார்ச் மாதத்தில் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. கார்த்திகை மழையில், இரண்டு நாள் அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இடத்துக்குக் காய் ஏற்றிய ஒரு மினி லாரியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அது தானாக உள்ளே போய்த் தானாக வெளியே வந்தால் தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் தோப்பு நோட்டையும் எனக்கு அனுப்புங்கள். மிஷின் எது வாங்கலாம் என்று அப்போது எழுதுகிறேன்.